பதினாறு பக்கத்தின் சரித்திரம்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் புறப்படுகிறவர்கள், இருபது கொண்டை ஊசி வளைவுகளில் முதலாவதைத் தொடுவதற்கு வெகு முன்னதாகவே, சாலையை ஒட்டித் தனியாக நிற்கும் ஒரு வளைவு வாயிலைக் காண்பார்கள். அதன் உள்ளே ஒரு காலத்தில் இரவும் பகலும் ஓயாமல் வேலை நடந்த படப்பிடிப்புக் கூடங்கள் இன்று இல்லை. வாயில் மாத்திரம், மாடர்ன் தியேட்டர்ஸ் என்னும் பெயருக்குச் சாட்சியாக, சேர்வராயன் மலையின் அடிவாரத்தைப் பார்த்தபடி நின்றுகொண்டிருக்கிறது. திருச்செங்கோட்டில் பிறந்து, இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் நெசவுத் தொழில்நுட்பம் கற்றுத் திரும்பிய டி. ஆர். சுந்தரம் 1935-ல் தொடங்கிய அந்த ஸ்தாபனத்தின் சாதனைகளைச் சினிமா அபிமானிகள் மனப்பாடமாகச் சொல்லுவார்கள்: 1937-ல் முதற் படமான ‘சதி அகல்யா’, 1938-ல் மலையாளத்தின் முதல் பேசும் படமான ‘பாலன்’, 1940-ல் பி. யு. சின்னப்பா இரட்டை வேடம் தாங்கிய ‘உத்தம புத்திரன்’, 1956-ல் தமிழின் முதல் முழுநீள வர்ணப் படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ என்று அந்த ஜாபிதா நீளும். ஆனால் நான் இங்கே சொல்லப் புகுந்தது அந்தப் படங்களின் கதையை அன்று. அவை ஓடிய கொட்டகைகளின் வாசலில் ஓரணாவுக்கும் இரண்டணாவுக்கும் விற்ற, உள்ளங்கையைவிடச் சற்றே பெரிய, மடித்துப் பின் அடித்த பாட்டுப் புத்தகத்தின் கதையை.

அந்தப் புத்தகம் ஒன்று இன்று கையில் கிடைத்தால் அதை அவசரமின்றிப் பார்க்க வேண்டும். மேலட்டையில், பிளாக் செய்து ஒற்றை வர்ணத்தில் அச்சிட்ட கதாநாயகியின் படம். அதன் மேலே படத்தின் பெயர், கீழே ஸ்தாபனத்தின் பெயர். அட்டையைத் திருப்பினால் நடிகர்களும் அவர்கள் ஏற்ற பாத்திரங்களும், அடுத்தபடி ஒளிப்பதிவாளர் முதல் ஒப்பனைக்காரர் வரையில் தொழிலாளர் வரிசையும் இருக்கும். பிறகு கதைச் சுருக்கம். அது நெருக்கடியான இடத்தில் நாயகியைக் காட்டிலோ நாயகனைச் சிறையிலோ விட்டுவிட்டு, மீதியை வெள்ளித்திரையில் காணும்படி வாசகரைக் கேட்டுக்கொண்டு நின்றுவிடும். அதன் பின்னர் பாட்டுக்கள்: ஒவ்வொன்றின் தலையிலும் பாடுகிறவர் பெயர், பழைய புத்தகமானால் ராகமும் தாளமும்கூட, பல்லவியும் சரணமும் நெருக்கி அடுக்கப்பட்டிருக்கும். தாள் பழுப்பு நிறமானது, எளிதில் கிழிவது. நடுவில் அடித்த இரும்புப் பின் துருவேறி, அதைச் சுற்றிலும் தாள் அரித்திருக்கும். முதுகு மடிப்பை விரலால் நீவிப் பார்த்தால், எட்டோ பன்னிரண்டோ பதினாறோ பக்கமுள்ள அந்தச் சிறு வஸ்து, புத்தகமாகப் பிறந்ததன்று, ஒரு பெரிய தாளாகப் பிறந்து மடிப்பினால் புத்தகமானது என்பது விளங்கும்.

இந்த மடிப்புத்தான் என் விஷயம். நம் முன்னோர் பனையோலையில் எழுதினார்கள், ஓலை மடியாது. ஓலைச் சுவடியில் முதல் ஏட்டுக்குப் பின் இரண்டாவது ஏடு, அதன்பின் மூன்றாவது என்று வரிசை இயல்பாகவே அமைந்துவிடுகிறது. துளையிட்டுக் கயிற்றில் கோத்துவிட்டால் வேறு பிரயாசை இல்லை. காகிதமும் அச்சும் வந்தபோதோ, ஒரு தாளில் பல பக்கங்களை ஏககாலத்தில் அச்சிட்டு, அதை மடித்தவுடன் பக்கங்கள் தாமாகவே ஒழுங்குபெற வேண்டும் என்னும் புதியதொரு கணக்கு நம் தேசத்துக்கு வந்து சேர்ந்தது. தமிழ் எழுத்தில் அச்சேறி நமக்குக் கிடைத்திருக்கிற மிகப் பழைய புத்தகம், 1578-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் கொல்லத்தில் அண்டிரிக் அடிகளார் அச்சிட்ட ‘தம்பிரான் வணக்கம்’. அதன் அளவு பதினாறே பக்கம். அதன் பிரதி இன்று அமெரிக்காவில் ஹார்வர்டு சர்வகலாசாலையின் நூலகத்தில் இருக்கிறது. தமிழ் அச்சின் சரித்திரம் காவியத்தோடும் தொடங்கவில்லை, நிகண்டோடும் தொடங்கவில்லை. சட்டைப்பையில் அடங்கக்கூடிய சிறு பிரசுரத்தோடு தொடங்கியது என்பதை நான் சாமானியமான செய்தியாக எண்ணுவதில்லை.

அச்சுக்கூடத்தில் அந்தக் கணக்கு நடந்த விதத்தைச் சிறிது விரித்துச் சொல்ல வேண்டும். கம்பாசிட்டர் என்று நாம் வழங்கும் அச்சுக் கோப்பவர், ஈய எழுத்துக்களைப் பெட்டியின் அறைகளிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி, இடவலமாக மாறிக் கிடக்கும் அவற்றை விரல் பழக்கத்தாலேயே கண்டறிந்து பக்கங்களாக்கிக் கொடுத்த பின், அந்தப் பக்கங்களை இரும்புச் சட்டத்துக்குள் அடுக்கி முடுக்குவார்கள். அதற்குப் பாரம் என்று பெயர். பதினாறு பக்கத்துப் பாரத்தில் தாளின் ஒரு புறத்துக்கு எட்டுப் பக்கம். ஒன்றாம் பக்கத்தின் பக்கத்தில் இரண்டாம் பக்கத்தை வைக்கலாகாது. பதினாறாம் பக்கத்தையே வைக்க வேண்டும். நான்குக்குத் துணை பதின்மூன்று, எட்டுக்குத் துணை ஒன்பது. இவ்வாறு துணையாகப் படுக்கும் எந்த இரண்டு பக்கத்தைக் கூட்டினாலும் பதினேழு வர வேண்டும். அன்றியும், மேல்வரிசைப் பக்கங்கள் கீழ்வரிசைக்குத் தலைகீழாக, தலையோடு தலை முட்டும்படி கிடக்க வேண்டும். இல்லாவிட்டால் மடித்த பின் பாதிப் புத்தகம் கவிழ்ந்துவிடும். பதினைந்து அங்குலத்துக்கு இருபது அங்குலமுள்ள கிரவுன் தாளை இவ்வாறு இரு புறமும் அச்சிட்டு மூன்று மடிப்பு மடித்தால், ஏழரை அங்குல உயரமும் ஐந்து அங்குல அகலமுமாக, நம்மவர் கிரவுன் எட்டில் ஒன்று என்று சொல்லும் அளவில் பதினாறு பக்கப் புத்தகம் கிடைக்கும். எட்டுப் பக்கமே போதுமென்றால் இன்னொரு நயமான உபாயமும் உண்டு. எட்டுப் பக்கத்தையும் ஒரே பாரத்தில் முடுக்கி, தாளின் ஒரு புறம் அச்சிட்டு, அதே பாரத்தில் மறுபுறத்தையும் திருப்பி அச்சிட்டு, தாளை நடுவே வெட்டினால், ஒரு தாளிலிருந்து இரண்டு முழுப் பிரதிகள் வந்துவிடும். முடுக்குவது ஒரு முறை, கூலி ஒரு கூலி. காலணாவுக்குப் புத்தகம் விற்க முடிந்ததென்றால், அதற்குக் காரணம் கவியின் தயாளமோ வியாபாரியின் தர்மசிந்தையோ அன்று, பெயர் தெரியாத அச்சுத் தொழிலாளியின் இந்தப் புத்தியே ஆகும்.

அந்தக் காலணாப் புத்தகங்களின் செழுமையான காலம் சென்னையில் விளைந்தது. தரங்கம்பாடியில் சீகன்பால்கு 1713-ல் தமிழ் அச்சைத் தொடங்கியபோது, ஜெர்மனியின் ஹாலே நகரத்திலிருந்து வந்த எழுத்துக்கள் பருமனாயிருந்து காகிதத்தை விழுங்கியமையால், சிறிய எழுத்துக்களை இங்கேயே வார்க்க நேர்ந்தது. காகிதமே அப்பொழுது அத்தனை அருமை. 1835-ல் மெட்காஃபின் சட்டம் அச்சுக்கூடங்களின் மேலிருந்த கட்டுப்பாட்டை நீக்கிய பிறகு சுதேசிகளின் கையில் அச்சு வேகமாகப் பெருகிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பார்க் டவுனை அடுத்த குஜிலிக் கடைவீதியில், கொலைச் சிந்து, ரயில் விபத்துக் கும்மி, வெள்ளக் கொடுமையைச் சொல்லும் ஒப்பாரி, ஸ்தலத் தோத்திரம், நாடகப் பாட்டு என்று எட்டுப் பக்கத்திலும் பதினாறு பக்கத்திலும் புத்தகங்கள் குவிந்தன. சந்தையிலும் திருவிழாவிலும் ரயில் வண்டியிலும், விற்பவரே ராகம் போட்டுப் பாடிக் காட்டி விற்பார். வாங்கியவர் வீட்டில் எழுத்தறிந்த ஒருவர் உரக்க வாசிக்க, தெருவே கேட்கும். வித்துவான்கள் இவற்றைப் பொருட்படுத்தவில்லை. ஆனால் 1867-ஆம் வருஷத்து அச்சு, புத்தகப் பதிவுச் சட்டத்தின்படி சர்க்கார் மூன்று மாதத்துக்கு ஒரு முறை வெளியிட்ட ஜாபிதாக்களில் இவற்றுள் பலவற்றின் பெயரும் விலையும் பக்க எண்ணிக்கையும் பதிவாகியிருப்பதால், புலவர்கள் புறக்கணித்ததைச் சர்க்கார் குமாஸ்தாக்கள் நமக்குக் காத்துக் கொடுத்திருக்கிறார்கள். ஆ. இரா. வேங்கடாசலபதி இந்தக் குஜிலி இலக்கியத்தை ஆராய்ந்து ‘முச்சந்தி இலக்கியம்’ என்னும் நூலாக எழுதிய பின்னரே படித்தவர்களின் பார்வை இந்தப் பக்கம் திரும்பிற்று.

1931-ல் ‘காளிதாஸ்’ என்னும் படம் பேசத் தொடங்கியதும், நாடகப் பாட்டுப் புத்தகம் சினிமாப் பாட்டுப் புத்தகமாயிற்று. அதிலே பாட்டுக்கள் ஐம்பது வரையில் இருந்தனவென்றால், ஜனங்களுக்குப் புத்தகம் எவ்வளவு அவசியமாயிருந்திருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். வானொலிப் பெட்டியும் இசைத்தட்டும் செல்வர் வீட்டுச் சாமான்களாயிருந்த அந்நாளில், ஒரு முறை கேட்ட பாட்டை வீட்டுக்கு எடுத்துச் செல்ல ஏழைக்கு வாய்த்த ஒரே சாதனம் அதுதான். பாட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டே எழுத்துக் கூட்டப் பழகியவர்கள் நம் கிராமங்களில் பலர் உண்டு.

சேலம் ஜில்லாவுக்கு இந்தச் சிறு பிரசுர வித்தை சினிமாவோடு வந்ததன்று. பகடாலு நரசிம்மலு நாயுடு ‘சேலம் தேசாபிமானி’ என்னும் பத்திரிகையை நடத்தியது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே. அப்பொழுது சேலம் ஜில்லாவைச் சேர்ந்திருந்த திருச்செங்கோட்டின் காந்தி ஆசிரமத்திலிருந்து, ராஜாஜி கல்கியைத் துணையாகக் கொண்டு, 1929-ல் மதுவிலக்குப் பிரசாரத்துக்கென்றே ‘விமோசனம்’ என்னும் மாதப் பத்திரிகையைப் பத்து இதழ்கள் வெளியிட்டார். எட்டு ஆண்டுகளுக்குள், 1937 அக்டோபர் முதல் தேதியன்று, ராஜாஜியே சென்னை ராஜதானியின் பிரதம மந்திரியாயிருந்து மதுவிலக்கை அந்த ராஜதானியிலேயே முதன்முதலாக அமுல்படுத்தியது சேலம் ஜில்லாவில்தான். நீதிக் கட்சி திராவிடர் கழகமென்று பெயர் மாறிய 1944 ஆகஸ்டு மாநாடும் சேலத்திலேயே நடந்தது. அந்த இயக்கம் சொற்பொழிவுகளைச் சிறு புத்தகங்களாக்கிச் சொற்ப விலைக்கு ஊரெங்கும் பரப்பிய விதம் தனிக் கட்டுரைக்கு உரியது. மாடர்ன் தியேட்டர்ஸ் தானும் ‘சண்டமாருதம்’ என்ற பத்திரிகையை நடத்தியது. அதில் ஆசிரியராயிருந்தவர் கண்ணதாசன்.

இத்தனையும் மலையின் அடிவாரத்தில் நடந்தவை. மலையின் மேலே போனால் காட்சி வேறு. சேலத்துக் கலெக்டராயிருந்த டேவிட் காக்பர்ன் 1820-களில் சேர்வராயன் மலையில் காப்பிச் செடியைக் கொண்டுவந்து நட்டார். பிறகு தோட்ட முதலாளிகளும் பாதிரிமார்களும் வந்தார்கள்; 1894-ல் திரு இருதயக் கன்னிமாடத்துப் பள்ளியும் 1917-ல் மான்ஃபோர்ட் பள்ளியும் தோன்றின. இவை யாவும் எழுத்தில் ஏறியுள்ளன. 1883-ல் லெஃபானு தொகுத்த சேலம் ஜில்லா மானுவலிலும், 1909-ல் வெளியான தர்ஸ்டனின் ஏழு பாகக் குலங்கள் நூலிலும், 1918-ல் வெளியான ரிச்சர்ட்ஸின் கெஜட்டியரிலும் இம்மலையைப் பற்றிய விவரங்கள் மிகுதி. ஆனால் அவை அனைத்தும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, மலைக்கு இருநூறு மைலுக்கு அப்பால் சென்னைச் சர்க்கார் அச்சகத்தில் அச்சேறிய கனத்த நூல்கள். காஞ்சிபுரத்திலிருந்து மூன்று சகோதரர்கள் புறப்பட்டு, ஒருவர் சேர்வராயனிலும், ஒருவர் பச்சைமலையிலும், ஒருவர் கொல்லிமலையிலும் குடியேறினார்கள் என்று இம்மலைகளில் வாழும் மலையாளி என்னும் பழங்குடி மக்கள் தங்கள் பூர்வோத்தரத்தைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். அந்தக் கதையைக் காகிதத்தில் ஏற்றி அச்சில் நிலைபெறச் செய்தவர்கள் வெள்ளைக்கார உத்தியோகஸ்தர்களே. அவர்கள் செய்த உபகாரத்தை நான் மறுக்கவில்லை. ஆயினும் சொன்னவருடைய பெயரும், சொன்ன ஊரும், சொல்லிய பேச்சின் வாசனையும் அந்த ஆங்கிலப் பக்கங்களில் இல்லாமற் போனது பெரிய நஷ்டம் என்பதே என் முடிவு.

அந்த நஷ்டத்தைத் தீர்க்கும் சாதனம் இப்பொழுது பல வீடுகளின் மேஜைமேலேயே இருக்கிறது. ஈய எழுத்தும் டிரெடில் என்னும் அச்சு இயந்திரமும் போய், டி.டி.பி. என்னும் கம்ப்யூட்டர் அச்சுக்கோப்பு வந்து, 1990-களில் ஆளுக்கொரு எழுத்துருவாகத் தமிழ் சிதறிக் கிடந்து, 1999-ல் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாட்டிலும் பின்னர் யூனிகோடிலுமாக ஒருவாறு ஒழுங்குபட்டது. 1998-ஆம் வருஷத்துப் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தொண்டர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து எவரும் எடுத்துக்கொள்ளும்படி வைத்தார்கள். அவற்றுள் ஒரு சிறு நூலை எடுத்து, வீட்டுப் பிரிண்டரில் மடிப்புப் புத்தகமாக்கிக்கொள்வதற்கு அச்சகத்துக்குப் போக வேண்டிய அவசியம் இல்லை.

ஏ-4 தாள் இதற்கென்றே அமைந்தாற்போல் இருக்கிறது. அகலத்தைப் போல் இரண்டின் வர்க்கமூலம் மடங்கு நீளமுள்ள தாளை நடுவே மடித்தால் பாதியும் அதே வடிவம் பெறும் என்பதை 1786-லேயே லிக்டன்பெர்க் என்ற ஜெர்மானிய அறிஞர் ஒரு கடிதத்தில் குறித்தார். 1922-ல் ஜெர்மனியில் அதுவே தாளின் நியமமாயிற்று. 297 மில்லிமீட்டரை மடித்தால் 148.5. ஆகவே பெரிய பக்கத்தைச் சிறிதாக்கும்போது எழுத்து கோணுவதுமில்லை, ஓரம் வீணாவதுமில்லை. நான்கு தாள், எட்டுப் புறம், பதினாறு பக்கம். கம்ப்யூட்டரில் புக்லெட் என்னும் ஏற்பாட்டைத் தேர்ந்துகொண்டால், முதல் தாளின் வெளிப்புறத்தில் பதினாறும் ஒன்றும், உட்புறத்தில் இரண்டும் பதினைந்தும் தாமாக அமையும். கடைசித் தாளில் பத்தும் ஏழும், எட்டும் ஒன்பதும். கூட்டினால் அதே பதினேழுதான். கம்பாசிட்டரின் கணக்கு கருவி மாறியும் மாறவில்லை. ஒரே ஒரு எச்சரிக்கை: பின்புறத்தை அச்சிடுகையில் தாளைக் குட்டை ஓரமாகத் திருப்ப வேண்டும், நீள ஓரமாகத் திருப்பினால் பின்பக்கங்கள் எல்லாம் தலைகீழாக விழும். முதலில் நான்கு வெற்றுத்தாளை மடித்து, பென்சிலால் பக்க எண் போட்டு, விரித்துப் பார்த்துக்கொள்வது உத்தமம். பழைய அச்சகங்களில் டம்மி என்று செய்ததும் அதுவே. சாதாரண ஸ்டேப்ளர் நடு மடிப்புக்கு எட்டாது. ஊசியால் மூன்று துளையிட்டு, நடுத் துளையில் நுழைந்து நடுத் துளையிலேயே முடியும்படி நூலால் தைத்துவிட்டால், துருப்பிடிக்கும் இரும்புப் பின்னைவிட அது நீடித்து நிற்கும். உள் தாள்கள் சற்றே வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைக் கத்தியும் அளவுகோலும் வைத்துச் சீவிவிட வேண்டும்.

ஆதலால் ஏற்காட்டிலும் அதைச் சூழ்ந்த மலைக் கிராமங்களிலும் உள்ள ஆசிரியர்களையும் வாலிபர்களையும் நான் கேட்டுக்கொள்வது ஒன்று. ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட உச்சியில் குகைக்குள் வீற்றிருக்கும் சேர்வராயனுக்கும் காவேரியம்மனுக்கும் மே மாதத்தில் திருவிழா நடக்கும்போது, மலைக் கிராமங்களிலிருந்து பெரியவர்கள் வந்து கூடுகிறார்கள். அவர்களிடம் கேளுங்கள்: ஊர் எப்படி உண்டாயிற்று, எந்தக் காட்டில் எந்தத் தினை விளைந்தது, காப்பித் தோட்டத்து வேலை எப்படி இருந்தது, ரோடு வருமுன் சேலத்துக்கு எந்த வழியாக இறங்கினார்கள் என்று. அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே, சொன்னவர் சம்மதித்தால் பெயரோடு, பதினாறு பக்கத்துக்குள் எழுதி அச்சிட்டுத் தைத்து, முதற் பிரதியைச் சொன்னவரிடமே கொடுங்கள். இரண்டாவதைப் பள்ளியிலும், மூன்றாவதைச் சேலத்து மாவட்ட நூலகத்திலும் வையுங்கள். அடிவாரத்து வீடுகளில் பரணிலோ டிரங்குப் பெட்டியிலோ பழைய பாட்டுப் புத்தகம் கிடக்குமானால், அதைப் பழைய பேப்பர்க்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா ஆயுள் முழுவதும் சேகரித்தவற்றைக் கொண்டு 1994-ல் சென்னையில் அமைந்த ஆராய்ச்சி நூலகம், பெரிய நூல்களோடு இத்தகைய சிறு பிரசுரங்களையும் மதித்துக் காத்து வருகிறது. அங்கே எழுதிக் கேளுங்கள்.